“மூணு ரூபா பைக்கு ஒரு கேஸா?” பெரிய கடைகள் மீதான நுகர்வோர் வழக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூப்பர் மார்க்கெட், ஷோரூம், ஆன்லைன் கடை என்று ஏதாவதொன்றின் மேல் யாராவது நுகர்வோர் வழக்குப் போட்டு ஜெயித்த செய்தி வந்தால் போதும், மறுநாளே இரண்டு வகை ஆட்கள் கேள்வியோடு வருவார்கள். “வேலைவெட்டி இல்லாதவன் போட்ட கேஸ்” என்பவர்கள் ஒரு பக்கம். “நானும் போட்டால் லட்சம் கிடைக்குமா?” என்பவர்கள் இன்னொரு பக்கம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ஐ ஒட்டியவை.

மூணு ரூபா பைக்கு கோர்ட்டுக்குப் போறதெல்லாம் ஓவரா இல்லையா?

அந்த ‘மூணு ரூபாய்’ வழக்கு சண்டிகரில் நடந்தது. 2019 பிப்ரவரியில் பாட்டா கடையில் ஒருவர் காலணி வாங்கினார். பில் 402 ரூபாய். அதில் 3 ரூபாய் காகிதப் பைக்கு. பையின் மேல் கடையின் விளம்பரம். ஏப்ரலில் மாவட்ட நுகர்வோர் மன்றம் (இப்போது ‘ஆணையம்’) தீர்ப்பளித்தது. 3 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும், வழக்குச் செலவுக்கு 1,000, மன உளைச்சலுக்கு 3,000, மாநில ஆணையத்தின் சட்ட உதவிக் கணக்குக்கு 5,000. தலைப்புச் செய்தியில் “9,000 ரூபாய்” என்று வந்தது. வழக்குப் போட்டவருக்கு உரியது அதில் பாதிகூட இல்லை.

ஓவரா என்றால், யார் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. வாடிக்கையாளருக்கு அது 3 ரூபாய். கடைக்கு அது பில்லிங் மென்பொருளில் ஏற்றி வைத்த ஒரு ஐட்டம். எல்லாக் கிளையிலும் எல்லாக் கவுண்டரிலும் நாள் முழுக்க விழும். தொகை சின்னது என்பதால்தான் யாரும் கேட்பதில்லை, கேட்காததால்தான் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. சின்னத் தொகை வழக்கைச் சிரித்துத் தள்ளுகிறவர்கள் இந்தக் கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்பதில்லை.

கன்ஸ்யூமர் கோர்ட்டுன்னா நிஜமான கோர்ட்டா? வக்கீலுக்கே பத்தாயிரம் ஆகுமே?

பெயர் ‘மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்’. சாட்சியை வரவழைக்கவும், ஆவணத்தைக் கேட்டு வாங்கவும், உத்தரவை நிறைவேற்ற வைக்கவும் அதிகாரம் உண்டு. நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதையும் தாண்டினால் தேசிய ஆணையம். விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணமே கிடையாது. கடை வழக்குகளில் அநேகமாக எல்லாமே இதற்குள் அடங்கிவிடும்.

வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே ஆஜராகலாம். பை, எம்ஆர்பி, ரீஃபண்ட் போன்ற நேரடி வழக்குகளை ஆட்கள் தாங்களாகவே நடத்துகிறார்கள். பொருளின் பழுது காயத்தில் முடிந்திருந்தாலோ, நிபுணர் சாட்சி தேவைப்பட்டாலோ வக்கீல் வைத்துக்கொள்வது நல்லது.

கடையோட ஹெட் ஆஃபீஸ் மும்பைல இருக்கு. பில்லுலயும் ‘மும்பை நீதிமன்ற வரம்புக்குட்பட்டது’ன்னு போட்டிருக்கு. அங்க போகணுமா?

வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போடலாம் என்று 2019 சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது. பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. பில்லின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்த வரி இந்த உரிமையைப் பறிக்க முடியாது. விசாரணைக்குக் காணொலி வழியாக வர அனுமதி கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு.

பில் இருக்கு, ஆனா எழுத்தெல்லாம் அழிஞ்சு வெள்ளைப் பேப்பரா ஆயிடுச்சு. என்ன பண்றது?

வழக்குகள் செத்துப்போகும் முதல் இடம் இதுதான். கடை பில் மையால் அச்சாவதில்லை. சூடு பட்டால் கறுக்கும் தாள் அது. பர்ஸில் வைத்தால் உடம்புச் சூடும் வியர்வையும் படும். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டால் அதிலிருந்து கசியும் ரசாயனமே எழுத்தைத் தின்றுவிடும். சில மாதங்களில் வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். எனவே வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள், போனிலும் படம் பிடியுங்கள். படத்தில் மேல் முனையில் கடைப் பெயர், கீழ் முனையில் பில் எண், தேதி, நேரம் எல்லாம் தெரிய வேண்டும். நீளமான பில்லை மடித்து நடுவை மட்டும் எடுத்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

ஏற்கெனவே அழிந்துவிட்டதா? கார்டு, யுபிஐ மூலம் கட்டியிருந்தால் வங்கிக் கணக்கு விவரத்தில் தேதியும் தொகையும் இருக்கும். உங்கள் போன் நம்பர் கொடுத்திருந்தால் கடையின் கணினியில் பில் இருக்கும்; அந்த எண்ணைச் சொல்லி நகல் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பையும் சேர்த்துத் தாக்கல் செய்யலாம். எஸ்எம்எஸ்ஸில் வரும் பில் லிங்க்கை நம்பி இருக்காதீர்கள், சில நாளில் அது திறக்காது. உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடை பில்லே தராமல் அனுப்பினால் அதுவே சட்டம் சொல்லும் முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்று.

பைக்குக் காசு வாங்குறது தப்பா, தப்பில்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் முடியாது. 2020 டிசம்பர் 22 அன்று தேசிய ஆணையம் பிக் பஜார் வழக்கில் சொன்னதன் சாரம் இது. வாடிக்கையாளர் பொருளைப் பொறுக்கி எடுத்து, வரிசையில் நின்று, பணம் கட்டும் இடத்துக்கு வந்தபின் “பைக்குத் தனிக் காசு” என்பது முறையற்ற வணிக நடைமுறை. கடைக்குள் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன்பே அவருக்குத் தெரிய வேண்டும். அந்த நடைமுறையை உடனே நிறுத்தும்படியும் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது.

பெங்களூரில் ஐகியா கடை, தன் பெயர் அச்சடித்த பைக்கு 20 ரூபாய் வாங்கியதற்கு 2023 அக்டோபரில் அங்குள்ள ஆணையம் 20 ரூபாயை வட்டியோடு திருப்பித் தரவும், இழப்பீடாக 1,000, வழக்குச் செலவாக 2,000 ரூபாய் தரவும் உத்தரவிட்டது. இந்த வகை வழக்குகளில் எடுத்துக்காட்டப்படும் இன்னொரு சட்டம், 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 36(5) பிரிவு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பொருளை ஒப்படைக்கும் நிலைக்குக் கொண்டுவரும் செலவு விற்பவருடையது என்கிறது அது.

ஆகவே பார்க்க வேண்டியவை மூன்று. வாசலில் கண்ணில் படும்படி பலகை இருந்ததா? உங்கள் சொந்தப் பையை உள்ளே கொண்டுபோக விட்டார்களா? பை வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் பில்லில் ஏற்றினார்களா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் உங்கள் வழக்கு பலவீனமானது. சொந்தப் பையை வாசலில் பிடுங்கி டோக்கன் கொடுத்துவிட்டு உள்ளே 12 ரூபாய்க்குப் பை விற்றால், பலமானது.

பிளாஸ்டிக்கைத் தடை பண்ணினது அரசாங்கம். அதனாலதானே காசு வாங்குறாங்க?

பாதி உண்மை. 2011ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு விதிகளில், பிளாஸ்டிக் கைப்பையை இலவசமாகத் தரக்கூடாது என்றே இருந்தது. 2016 விதிகளில், பை தரும் கடைகள் உள்ளாட்சியிடம் ஆண்டுக்குக் குறைந்தது 48,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்று வந்தது; 2018 திருத்தத்தில் அந்த விதி எடுக்கப்பட்டுவிட்டது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. பிளாஸ்டிக்குக்காகப் பழக்கப்படுத்திய கட்டணம், பிளாஸ்டிக் போனபின் காகிதப் பைக்கும் துணிப்பைக்கும் அப்படியே தாவிவிட்டது. காகிதப் பைக்குக் காசு வாங்கச் சொல்லி அந்த விதிகள் எதிலும் இல்லை.

நம் ஊர் ஜவுளிக்கடைகள் பெயர் அச்சடித்த மஞ்சப்பையைச் சும்மா கொடுத்துத்தான் தங்கள் பெயரைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனார்கள். விளம்பரத்தைச் சுமக்கிறவரிடமே அதற்கும் காசு வாங்கும் வழக்கம் பிறகு வந்தது.

அம்பது பெர்சென்ட் தள்ளுபடின்னு போட்டு, பில்லுல ஜிஎஸ்டி தனியா ஏத்துறாங்களே?

எம்ஆர்பி என்றால் எல்லா வரிகளும் அடங்கிய விலை. 2,000 ரூபாய் எம்ஆர்பி சட்டைக்குப் பாதி விலை என்று பலகை வைத்தால் கவுண்டரில் கட்ட வேண்டியது 1,000. பில் 1,050 என்று வந்தால் கேளுங்கள். 2017 ஜனவரியில் ஒரு காலணி நிறுவனத்தின் வழக்கில், தள்ளுபடி விலைக்கு மேல் வரி ஏற்றியதைத் தவறு என்று தேசிய ஆணையம் சொல்லிவிட்டது. அப்போது ஜிஎஸ்டிக்குப் பதில் வாட் என்ற விற்பனை வரி இருந்தது, தர்க்கம் ஒன்றுதான்.

இதைவிட அடிக்கடி நடப்பது வேறு. ரேக்கில் ஒரு விலைச்சீட்டு, பில்லில் வேறு விலை. ஆஃபர் நேற்று ராத்திரியோடு கணினியில் முடிந்திருக்கும். ரேக்கில் ஒட்டிய சீட்டை யாரும் கிழித்திருக்க மாட்டார்கள். பொருளும் சீட்டும் ஒரே படத்தில் வரும்படி பில் போடுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். திரும்பிப் போய்ப் பார்க்கும்போது சீட்டு அங்கே இருக்காது. எம்ஆர்பிக்கு மேலே விற்றால் வழக்கு வரை போகாமல் சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் தரலாம். தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையின் கீழ் இருக்கிறது.

‘விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது’ன்னு பில்லுலயே அச்சடிச்சிருக்காங்க. அப்புறம் என்ன கேக்கறது?

நல்ல பொருளை, நிறம் பிடிக்கவில்லை என்று மாற்றிக் கேட்டால் அந்த வரி செல்லும். பழுதான பொருளுக்குச் செல்லாது. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் தரவோ மறுப்பது, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், முறையற்ற வணிக நடைமுறையாகும். இது 2(47) பிரிவிலேயே இருக்கிறது.

போன் நம்பர் தந்தாதான் பில்லுன்னு நிக்கிறாங்க.

தர வேண்டிய கட்டாயம் இல்லை. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதைச் சில்லறை விற்பனையாளர்களுக்குத் தெளிவாகச் சொன்னது. ஆனால் அழிந்த பில்லைப் பற்றி மேலே சொன்னதையும் நினைவில் வையுங்கள்: நம்பர் கொடுத்திருந்தால் நகல் எடுப்பது சுலபம். நம்பரா நிம்மதியா என்பது உங்கள் முடிவு.

ஒரு பிஸ்கெட் குறைஞ்சதுக்கு ஒரு லட்சமாமே! நிஜமா?

நிஜம். திருவள்ளூர் மாவட்ட ஆணையம் 2023இல் ஐடிசி நிறுவனத்துக்கு எதிராக அளித்த தீர்ப்பு. உறையில் 16 பிஸ்கெட் என்று அச்சு, உள்ளே 15. நிறுவனம், “நாங்கள் எண்ணிக்கையில் விற்கவில்லை, எடையில் விற்கிறோம்” என்றது. நிறுத்துப் பார்த்தால் 76 கிராம் இருக்க வேண்டியது 74 கிராம்தான் இருந்தது. பொட்டலப் பொருள் விதிகள் 4.5 கிராம் வரை கூடக்குறைய அனுமதிக்கின்றனவே என்று அடுத்த வாதம். அந்தச் சலுகை நாளாக நாளாக எடை குறையக்கூடிய பொருளுக்குத்தான், பிஸ்கெட்டுக்கு இல்லை என்று ஆணையம் மறுத்துவிட்டது. இழப்பீடு 1 லட்சம், வழக்குச் செலவு 10,000, அந்த பேட்ச்சின் விற்பனையை நிறுத்தவும் உத்தரவு.

மனுதாரர் கேட்டது நூறு கோடிக்கு மேல். பரபரப்பாகப் பேசப்பட்டது ‘ஒரு பிஸ்கெட், ஒரு லட்சம்’ மட்டும்தான். ஆனால் வழக்கு நின்றது எண்ணிக்கை, எடை, விதி என்ற மூன்று படிகளில். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் இருந்தது. நீங்கள் இதே மாதிரி ஒன்றைக் கண்டால், திறந்த பாக்கெட் எதையும் நிரூபிக்காது. ஒன்றை நீங்களே தின்றிருக்கலாம் என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுவார்கள். அதே பேட்ச் எண்ணுள்ள பாக்கெட்டுகள் நாலைந்தை அன்றே பில் போட்டு வாங்கி, பிரிக்காமல் வைத்திருங்கள். உணவில் புழு, கண்ணாடித் துண்டு என்றால் மிச்சத்தைக் காற்றுப்புகாமல் மூடி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். ஆணையம்தான் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும், கட்டணத்தை முதலில் மனுதாரர் கட்ட வேண்டியிருக்கும்.

அப்ப நானும் கோடிக்கணக்குல கேக்கலாமா? குறைச்சுத்தானே தருவாங்க?

கேட்கத் தடையில்லை, பலனும் இல்லை. முன்பு பொருளின் விலையோடு கேட்கும் இழப்பீட்டையும் கூட்டித்தான் எந்த மன்றம் என்று முடிவாகும். தொகையை ஊதிப் பெருக்கி நேராக டெல்லியில் உள்ள தேசிய ஆணையத்துக்கே போனவர்கள் உண்டு. இப்போது நீங்கள் கொடுத்த விலை மட்டுமே கணக்கு. பத்து ரூபாய்ப் பொருளுக்கு நூறு கோடி கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான்.

உருப்படியான மனுவில் ஒவ்வொரு தொகைக்கும் ஒரு காரணம் இருக்கும். பொருளின் விலை, கடைக்கு அலைந்த போக்குவரத்துச் செலவு, மாற்றுப் பொருள் வாங்கிய பில், மருத்துவச் செலவு, இவற்றுக்குமேல் மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை. பெரிய தண்டத் தொகை போடப்படும்போது, பாட்டா வழக்கைப் போல அதில் ஒரு பங்கு பொதுநிதிக்குப் போவதும் உண்டு. அதை எண்ணி வீட்டுக்கடன் திட்டம் போட வேண்டாம்.

அமெரிக்கால காபி கொட்டிக்கிட்டதுக்கே கோடிகோடியா வாங்கினாங்களே?

நுகர்வோர் வழக்கு என்றாலே பேராசை என்ற எண்ணம் உலகெங்கும் பரவ அந்த ஒரு வழக்கு போதுமானதாக இருந்தது. நடந்தது 1992இல், நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகெர்க்கி நகரில். 79 வயதுப் பெண்மணி. நின்றிருந்த காரில் பயணி இருக்கையில் உட்கார்ந்து, மெக்டொனால்ட்ஸ் காபி மூடியைத் திறந்தபோது மடியில் கொட்டியது. தோலின் ஆழம் வரை வெந்து, தோல் ஒட்டு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. நிறுவனம் காபியைக் கொடுத்த சூடு 180 முதல் 190 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 82 முதல் 88 டிகிரி செல்சியஸ். அதற்கு முந்தைய பத்தாண்டில் அதேபோல் சுட்டதாக 700 புகார்கள் அந்த நிறுவனத்திடமே இருந்தன. அவர் முதலில் கேட்டது 20,000 டாலர். நிறுவனம் தர முன்வந்தது 800 டாலர்.

1994இல் ஜூரி (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த நடுவர் குழு), அவர் பக்கம் 20 சதவீதத் தவறு என்று கழித்து 1,60,000 டாலர் இழப்பீடும், 27 லட்சம் டாலர் தண்டத் தொகையும் விதித்தது. நீதிபதி தண்டத்தை 4,80,000 ஆகக் குறைத்தார். கடைசியில் இரு தரப்பும் வெளியே சொல்லாத ஒரு தொகைக்குச் சமரசமானார்கள். 27 லட்சம் ஊரெல்லாம் பரவியது, குறைத்தது பரவவில்லை. நம் ஊர் பிஸ்கெட் வழக்கைப் படிக்கும்போதும் கண் இப்படித்தான் எண்ணில் போய் நிற்கிறது.

கேஸை யார் பேர்ல போடணும்? போர்டுல இருக்கிற பேருலதானே?

போர்டில் இருப்பது பிராண்டு. வழக்கு சட்டப்படியான நிறுவனத்தின் மேல் இருக்க வேண்டும். கிளை ஃபிரான்சைஸ் என்றால் அது வேறொரு ஆளின் கம்பெனியாகக்கூட இருக்கலாம். பில்லைப் பாருங்கள்: 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து, நிறுவனத்தின் பான் எண். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் சட்டப் பெயரும் முகவரியும் வரும். அதை முதல் எதிர்தரப்பாகவும், தலைமையகத்தை இரண்டாவதாகவும், பொருளில் பழுது என்றால் தயாரிப்பாளரை மூன்றாவதாகவும் போடுங்கள். “நாங்க வெறும் விற்கிறவங்க, கம்பெனியைக் கேளுங்க” என்று கடை கைகழுவுவதும், “கடைக்காரர் சரியாக வைக்கவில்லை” என்று கம்பெனி தள்ளுவதும் ஒரே மேசைக்கு வந்தால்தான் தீரும். பெயரைத் தப்பாகப் போட்டு ஜெயித்தவர்களின் வேதனை பெரிது. உத்தரவு இருக்கும், பணம் வசூலிக்க ஆள் இருக்காது.

சரி, முதல் படியிலிருந்து என்னென்ன செய்யணும்?

முதலில் கடையின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுத்தில் புகார், மின்னஞ்சல் போதும். வாய்ப்பேச்சுக்கு வழக்கில் மதிப்பில்லை. பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், தமிழிலும் பேசலாம். அவர்கள் நிறுவனத்துக்கு அனுப்பிப் பேசுவார்கள், தீர்ப்புச் சொல்ல அதிகாரம் இல்லை. ஆனாலும் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிய வாய்ப்பு உண்டு. அதன்பின் 15 நாள் கெடு வைத்து ஒரு அறிவிப்புக் கடிதம், ஸ்பீட் போஸ்டில். ரசீதையும், போய்ச் சேர்ந்த விவரத்தையும் எடுத்து வையுங்கள். இந்தக் கடிதம் சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனால் “எங்களிடம் கேட்கவே இல்லை” என்ற வாதத்தை அடைத்துவிடும்.

பிறகு மனு. நடந்ததைத் தேதி வரிசையில், ஒரு பத்திக்கு ஒரு விஷயம் என்று எண் போட்டு எழுதுங்கள். கடைசியில் என்ன வேண்டும் என்பது. கூடவே உறுதிமொழிப் பத்திரம், ஆவணப் பட்டியல், நகல்கள். 2025 ஜனவரி 1 முதல் செயல்படும், நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கலாக வேண்டும். கடைக்காரர் “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று இழுத்ததைக் காரணம் காட்டித் தாமத மன்னிப்புக் கேட்கலாம். கிடைக்கும் என்று உறுதியில்லை.

எத்தனை நாள் ஆகும்? மூணு மாசம்னு படிச்சேன்.

எதிர்தரப்புக்கு அறிவிப்புப் போய்ச் சேர்ந்ததிலிருந்து 3 மாதம், ஆய்வகச் சோதனை தேவையென்றால் 5 மாதம் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறை வேறு. பாட்டா வழக்கு வாங்கிய இரண்டு மாதத்தில் முடிந்தது. ஐகியா வழக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு. பிஸ்கெட் வழக்கில் 2021 டிசம்பரில் வாங்கியதற்கு 2023 ஆகஸ்டில் தீர்ப்பு.

உங்களுக்குச் சாதகமான ஒரு கெடு உண்டு. நிறுவனம் தன் பதிலை 30 நாளில், அதிகபட்சம் 45 நாளில் தாக்கல் செய்தே ஆக வேண்டும். அதற்கு மேல் ஆணையம் அனுமதிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. நாளை எண்ணி வைத்து, தாண்டினால் ஆணையத்திடம் எடுத்துச் சொல்லுங்கள்.

ஜெயிச்சாலும் அப்பீல் போயிடுவாங்களே?

போகலாம், 45 நாளுக்குள். ஆனால் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் மாநில ஆணையத்துக்குப் போக முடியும். அப்பீலும் போகாமல் பணமும் தராமல் இருந்தால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனுப் போடுங்கள். உத்தரவை மீறினால் ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 72ஆம் பிரிவு. இந்த மனுவுக்கு நோட்டீஸ் போனபிறகு செக் வந்துவிடுவது சகஜம்.

பாவம், பில் போட்ட பொண்ணுக்கு வேலை போயிடுமோன்னு இருக்கு.

நல்ல மனசு. பையின் விலையை அந்தப் பெண் போடவில்லை; தலைமையகத்தில் ஏற்றிய ஐட்டத்தைத்தான் ஸ்கேன் செய்கிறார். மனுவில் ஊழியரின் பெயரை எதிர்தரப்பாகப் போடத் தேவையே இல்லை. கவுண்டர் எண்ணும் நேரமும் பில்லிலேயே இருக்கிறது, அது போதும். கவுண்டரில் சத்தம் போட்டு வீடியோ எடுப்பதால் வழக்குக்கு ஒரு லாபமும் இல்லை.

பேஸ்புக்ல கடை பேரைப் போட்டுக் கிழிச்சுட்டேன். அது கேஸைக் கெடுக்குமா?

பில்லையும் நடந்ததையும் போட்டிருந்தால் கெடுக்காது. ‘திருட்டுக் கும்பல்’, ‘விஷம் விக்கிறான்’ என்று எழுதியிருந்தால் அவதூறு நோட்டீஸ் உங்களைத் தேடி வரும். உங்கள் ரீஃபண்ட் வழக்கு பின்னால் போய்விடும். “அஞ்சு லட்சம் தராவிட்டால் டிவிக்குப் போவேன்” என்று மெசேஜ் அனுப்புவது அதைவிட மோசம், மிரட்டிப் பணம் பறிப்பதாகவே அதைக் காட்டுவார்கள். கெடு வைத்து எழுதும் அறிவிப்பில் “நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்” என்பதோடு நிறுத்துங்கள்.

நோட்டீஸ் போனதும் கூப்பிட்டு கிஃப்ட் வவுச்சர் தர்றேங்கிறாங்க. வாங்கலாமா?

உங்களுக்குப் போதுமென்றால் வாங்கலாம், சமரசம் தோல்வி அல்ல. வவுச்சரைவிட வங்கிக் கணக்கில் பணமாகக் கேளுங்கள். வவுச்சருக்குக் காலாவதித் தேதி உண்டு, அதே கடையில்தான் செலவழிக்க வேண்டும். பணம் வரும் முன் “புகார் எதுவும் இல்லை” என்று கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கு ஏற்கெனவே ஆணையத்தில் இருந்தால், இருவரும் கையெழுத்திட்ட சமரச மனுவாகத் தாக்கல் செய்து அதை உத்தரவாகவே வாங்கிவிடுங்கள்.

தேசிய ஆணையமே சொல்லியும் இன்னும் எல்லாக் கடையிலும் பைக்குக் காசு வாங்குறாங்களே. அப்ப கேஸ் போட்டு என்ன பிரயோஜனம்?

ஒரு வழக்கின் உத்தரவு அந்த வழக்கில் உள்ள நிறுவனத்தைத்தான் நேரடியாகக் கட்டும். மற்ற கடைகள், “எங்கள் கடையில் பலகை இருக்கிறது, எங்கள் கதை வேறு” என்று நிற்கும். மேலே பைக் கட்டணம் பற்றிய கேள்வியில் சொன்ன மூன்று சோதனைகளில் பலகையை மட்டும் மாட்டிவிட்டுத் தப்பிப்பது மலிவான வழி.

பலருக்காகச் சேர்த்துக் கேட்கவும் வழிகள் உண்டு. ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட எல்லோர் சார்பாகவும் ஆணையத்தின் அனுமதியோடு 35(1)(சி) பிரிவில் வழக்குப் போடலாம். அடையாளம் காண முடியாத அளவுக்குப் பெருந்திரளானவர்கள் பாதிக்கப்பட்டிருந்தால், விற்ற மதிப்பில் குறைந்தது 25 சதவீதத்தைக் கட்டச் சொல்லும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. இந்த அதிகாரம் பயன்பட மனுவிலேயே அதைக் கேட்டிருக்க வேண்டும். தனி ஆளாக 3 ரூபாய் மட்டும் கேட்டால் 3 ரூபாய்தான் வரும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் என்று தனி அமைப்பும் இருக்கிறது. 2022இல் தரமுத்திரை இல்லாத பிரஷர் குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் தலா 1 லட்சம் அபராதம் விதித்து, முறையே 2,265, 598 குக்கர்களையும் வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, திரும்பப் பெற்றுப் பணம் தரவும் உத்தரவிட்டது. தனித்தனியாக இத்தனை பேர் வழக்குப் போட்டிருக்க முடியாது.

நானே சின்னதா ஒரு சூப்பர் மார்க்கெட் வச்சிருக்கேன். என் மேலயும் போடுவாங்களா?

போடலாம். அதேசமயம் மொத்தக் கடையில் விற்பனைக்காக நீங்கள் வாங்கும் சரக்குக்கு நீங்கள் ‘நுகர்வோர்’ ஆக மாட்டீர்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கடையில் வாசலுக்கு வெளியே, நிற்கிறவர் கண் மட்டத்தில், பையின் அளவும் விலையும் தமிழில் எழுதிய பலகை வையுங்கள். சொந்தப் பையை அனுமதியுங்கள். திருட்டுப் பயமிருந்தால் பையின் வாயை டேக் போட்டு மூடிக் கொடுக்கலாம். பையைக் கேட்காமல் ஸ்கேன் செய்யக் கூடாது என்று கவுண்டரில் சொல்லி வையுங்கள். ஆஃபர் முடியும் இரவே ரேக் சீட்டுகளைக் கிழிக்க ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள். பலகையை மாட்டிய அன்று, பக்கத்துக் கடையும் தெரியும்படி தேதியோடு ஒரு படம் எடுத்து வைத்திருங்கள். இரண்டு ஆண்டு கழித்து வழக்கு வந்தால் பலகை இருந்தது என்று காட்ட வேண்டியது நீங்கள்தான்.